பன்னிரண்டு பேருக்கான பட்டை

குவாலிஸ் வண்டியில் வாட்ச்மேன் வேலைக்கு வருகிற ஆள் ஆம்பூர் வட்டாரத்திலேயே ஒருத்தர்தான். பஞ்சாட்சரம் என்று பெயர், வயது அறுபத்திரண்டு. துத்திப்பட்டு ரோட்டில் இருக்கிற ஒரு தோல் குடோனுக்குக் காலை எட்டு மணிக்கு வருவார். வண்டியை நிழலில் நிறுத்துவார், பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். சாயங்காலம் ஆறு மணிவரைக்கும் பூட்டுக்குக் காவல். வாரத்துக்கு இரண்டு லாரி வந்தால் அதிகம். மற்ற நாளில் அந்தப் பூட்டை விட்டால் பேச்சுத்துணைக்கு நாதி கிடையாது.

"ஒரு டிவிஎஸ் வண்டி வாங்கினா ஆவாதா பெரியவரே? இந்த யானைக்கு டீசல் ஊத்தியே ஓட்டாண்டி ஆயிடுவீங்க" என்று எதிர்க் கடைக்காரர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். பஞ்சாட்சரம் தலையை மட்டும் ஆட்டுவார். வீட்டில் விட்டுவிட்டு வந்தால் வண்டி தனியாக இருக்குமே என்று அவருக்கு ஒரு நினைப்பு. வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும். நானும் சிரித்திருப்பேன், அவர் கதை தெரியாமல் இருந்திருந்தால்.

பேரணாம்பட்டுக்கு இந்தாண்டை ஒரு சின்ன ஊர் அவருக்கு. பதினேழு வயதில் பச்சைத்தோல் லாரியில் கிளீனராக ஏறியவர், இருபத்தி மூன்றில் ஸ்டியரிங் பிடித்தார். தோல் லாரி டிரைவர் வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் அவன் வாடை வந்துவிடும் என்பார்கள். தங்கைகள் இரண்டு பேர். ஒருத்தியை ஆந்திராப் பக்கம் குப்பத்தில் கொடுத்தார், இன்னொருத்தியைக் கிருஷ்ணகிரியில் கொடுத்தார். இரண்டையும் கரையேற்றிவிட்டு, சரி, நமக்கும் ஒன்றைப் பார்ப்போம் என்று திரும்பிப் பார்த்தால் காதோரம் வெளுத்துப் போயிருந்தது. அப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் லாரியை விட்டுவிட்டு, கைமாறி வந்த இந்தக் குவாலிஸை வாங்கினார். துத்திப்பட்டுப் பக்கம் ஒரு ஷூ கம்பெனிக்குத் தன் ஊரிலிருந்து தையல் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்குகிற வேலை. ஆர்.சி. புத்தகத்தில் பத்துப் பேர் என்று போட்டிருக்கும். பன்னிரண்டு பேர் ஏறுவார்கள். காலை ஆறே முக்காலுக்குத் தண்ணி டேங்க், ஆறு ஐம்பதுக்கு ரேஷன் கடை, ஏழு மணிக்குப் பாலத்து மேடு. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு தடவை குட்டியாக ஆரன். பதினோரு வருஷம் இதே ஓட்டம்தான், ஞாயிற்றுக்கிழமை நீங்கலாக.

பன்னிரண்டு பெண்கள் ஒரு வண்டிக்குள் உட்கார்ந்தால் என்ன ஆகும்? காது கிழியும். மாமியார் புராணம், சூப்பர்வைசர் புராணம், யார் டிபன் பாக்ஸில் என்ன குழம்பு, யார் புருஷன் நேற்று என்ன செய்தான், எல்லாம் அலசிக் காயப்போடப்படும். இதற்கெல்லாம் தலைவி சோபனா. முன்சீட்டு அவளுடையது, அதில் வேறு யாராவது உட்கார்ந்தால் அன்றைக்கு ஒரு ரகளை. ஃபரீதா மட்டும் கடைசி வரிசையில் சத்தமில்லாமல் இருப்பாள். ஆனால் சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது.

"சத்தம் போடாதீங்கம்மா, எஞ்சின் சத்தமே கேக்கல" என்று பஞ்சாட்சரம் தினமும் ஒரு தடவையாவது கத்துவார்.

"கேட்டு இன்னா பண்ணப் போறீங்க பஞ்சண்ணா?" என்று பன்னிரண்டு பேரும் ஒன்றாகக் கேட்பார்கள். அதோடு விடுவார்களா? அண்ணனுக்குப் பெண் பார்க்கிறோம் என்று ஆரம்பித்துவிடுவார்கள். கம்பெனியில் புதிதாக எந்த அம்மா சேர்ந்தாலும் அவளுக்கு வயதென்ன, வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று விசாரித்து வந்து சொல்வார்கள். பஞ்சாட்சரம் காது சிவக்க ரோட்டைப் பார்த்து ஓட்டுவார். உள்ளுக்குள் அவருக்கு அது பிடித்திருந்தது. வீட்டில் அவரை யாரும் கிண்டல் செய்வதில்லை, செய்வதற்கு யாரும் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கம்பெனியே பஸ் விட்டது. ஏறுகிறவர் பெயரை எழுதி, கையெழுத்து வாங்கி, இறங்கும்போது சரிபார்த்து, பெண்களுக்குப் பாதுகாப்பான ஏற்பாடு. குறை சொல்ல முடியாது. கடைசி நாளில் பெண்கள் வண்டிக்குப் பூ வாங்கிப் போட்டார்கள். ஃபரீதா டப்பாவில் சேமியா செய்துகொண்டு வந்திருந்தாள். "ஞாயித்துக்கிழமையானா வந்து பாக்குறோம்ணா" என்றார்கள். வரவில்லை. ஆறு நாள் ஷூ தைக்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் துணி துவைக்கிற நாள், மாவரைக்கிற நாள், தூங்குகிற நாள். பஞ்சாட்சரத்துக்கு அது தெரியும். தெரிந்தும் ஒரு ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் போன மாதம் சோபனா போன் செய்தாள்.

"பஞ்சண்ணா, ஃபரீதா பொண்ணு ஹுமேராவுக்கு அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை நிக்காஹ். வேலூர்ல, பாகாயத்துப் பக்கம் மண்டபம். வண்டி இருக்கு இல்ல? வித்துடலியே?"

"எதுக்கும்மா விக்கிறேன்?"

"அப்ப சரி. நம்ம செட்டு மொத்தமும் உங்க வண்டியிலதான் போறோம். பன்னெண்டு பேரும். முன்சீட்டு எனக்கு, சொல்லிட்டேன்."

போனை வைத்துவிட்டு வெளியே வந்து வண்டியைப் பார்த்தார். மூன்று வருஷமாகத் தினமும் பார்க்கிற வண்டிதான். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துபோய், குந்திய நாய் மாதிரி நின்றது. முன்விளக்கைப் போட்டால் வெளிச்சம் ரோட்டில் விழாமல் தென்னை மட்டையில் விழும், எதிரே வருகிற லாரிக்காரன் தாயைத் திட்டுவான். பதினோரு வருஷம் பன்னிரண்டு பேரைச் சுமந்த பட்டைகள், பின்சக்கரத்துக்கு மேலே வண்டியைத் தாங்குகிற வில் இரும்புகள், வளைவு போய்ச் சப்பையாகிவிட்டன. இந்த லட்சணத்தில் அத்தனை பேரும் ஏறினால் முதல் வேகத்தடையிலேயே சைலன்ஸர் உரசும். அவர்கள் இறங்கி நின்று வண்டியைத் தாண்டவிட வேண்டியிருக்கும். கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பியவர்களை ரோட்டில் இறக்கி விடுவதா? சே!

மறுநாளே லீவு சொல்லிவிட்டு வேலூர் கொணவட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். அங்கே ஆபித் பாஷா என்று ஒரு பட்டைக்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும், வாயில் எப்போதும் பாக்கு, பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. லாரிக்கும் வேனுக்கும் வளைவு போன பட்டைகளை உலையில் போட்டுத் தட்டி வளைவு ஏற்றித் தருவார். அவரிடம் போனால் முதலில் வண்டியைப் பார்க்க மாட்டார். ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் வராமல் ஸ்பானரைத் தொட மாட்டார்.

"வண்டியில தினமும் எத்தினி பேரு?"

பஞ்சாட்சரத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுலபமான கேள்விதான். தினமும் என்றால் ஒருத்தர். அதைச் சொல்ல வாய் வரவில்லை. இத்தனை பெரிய வண்டியை வைத்துக்கொண்டு ஒருத்தன் என்று சொன்னால் என்ன நினைப்பார்கள்? அந்த ஞாயிற்றுக்கிழமை வேறு மனசுக்குள் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"பன்னெண்டு பேரு பாய்" என்றார். "தினமும்தான். கம்பெனிக்குப் போற பொம்பளைங்க."

ஆபித் பாஷா வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். பின்சீட்டில் தூசி படிந்திருந்தது, கடைசி வரிசை ஜன்னல் மூலையில் ஒட்டடை. சாக்பீஸை எடுத்துப் பின்சக்கரத்துக்கு மேலே 12 என்று எழுதினார்.

"இருக்கிற பட்டையெல்லாம் தட்டி வளைவு ஏத்தணும். ஒண்ணுல கீறல் விட்டிருக்கு, மாத்திடறேன். பன்னெண்டு பேருன்னா ஜாஸ்தி லோடு, ரெண்டு பக்கமும் புதுசா ஒரு பட்டை சேர்க்கணும். முன்னாடி பட்டைக்குப் பதிலா முறுக்குக் கம்பி, அதைக் கொஞ்சம் டைட் பண்ணா ஏறிக்கும். புஷ்ஷு, ஷாக்கு எல்லாம் போயிடிச்சி. மொத்தத்துல ஒன்றரை இஞ்சு தூக்கித் தர்றேன். அதுக்கு மேல கேக்காதீங்க, வண்டி ஆடும்."

இரண்டு நாள் ஆயிற்று. பஞ்சாட்சரம் இரண்டு நாளும் பஸ்ஸில் போய் வந்து ஷெட்டிலேயே கிடந்தார். அவருக்கு அங்கே பிடித்திருந்தது. உலையில் பட்டை பழுத்து வெளியே வரும். ஆபித் பாஷா குறட்டால் பிடித்துக்கொள்ள, முஸம்மில் என்கிற மீசைக்காரர் சம்மட்டியால் அடிப்பார். சப்பையாகக் கிடந்த இரும்பு மெல்ல மெல்ல வில்லாக எழும்பும். அளவுக்கு வைத்திருக்கும் பட்டையின் பக்கத்தில் வைத்துப் பார்த்து, போதாது என்றால் மறுபடி உலைக்கு. பார்க்கப் பார்க்க அவர் முதுகும் நிமிர்ந்த மாதிரி இருந்தது.

ஆபித் பாஷாவிடம் இன்னொரு பழக்கம் உண்டு. எத்தனை பேர் என்று சொன்னோமோ அத்தனை பேரை ஏற்றிப் பார்த்து, டேப் வைத்து அளக்காமல் வண்டியை வெளியே விடமாட்டார்.

"முஸம்மில், பக்கத்து ஷெட்டுல இருக்கிறவனுங்களையும் கூப்புடு. பன்னெண்டு தலை வேணும்."

வெல்டிங் கடையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். லேத் பட்டறை, பெயின்ட் கடை, சீட் தைக்கிற ஆள், ரோட்டில் சும்மா போய்க்கொண்டிருந்த ஒரு லாரி டிரைவர் என்று கும்பல் சேர்ந்துவிட்டது.

"பொம்பளைங்கதானே ஏறப் போறாங்க? ரெண்டு ஆளைக் கம்மி பண்ணிக்கலாமா?" என்றார் ஆபித் பாஷா.

"நீங்க சோபனாவப் பாத்ததில்ல பாய். கம்மி பண்ணாதீங்க" என்றார் பஞ்சாட்சரம். ஷெட்டே சிரித்தது. அவர் சொன்ன ஒரு வார்த்தைக்குப் பத்துப் பேர் சிரித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். பன்னிரண்டு ஆண்களும் கிரீஸ் கையோடு இடித்துக்கொண்டு ஏறினார்கள். ஒருத்தன் மடியில் ஒருத்தன், ஒருத்தன் முழங்கை இன்னொருத்தன் விலாவில், ஒரே கூச்சல். வண்டி மெதுவாக இறங்கி, மட்டமாக நின்றது. ஆபித் பாஷா கீழே குந்தி நான்கு சக்கரத்துக்கும் டேப் வைத்துப் பார்த்தார்.

"ஷோக்கா நிக்குது" என்றார்.

பஞ்சாட்சரம் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். கண்ணாடி முழுக்க முகங்கள். கண் கலங்கிவிட்டது அவருக்கு, கிரீஸ் வாடை கண்ணைக் கரிக்கிறது என்று சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். அப்புறம் எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். இறங்க இறங்க வண்டியின் பின்பக்கம் ஒவ்வொரு விரற்கடையாக மேலே ஏறியது.

ஊருக்குத் திரும்பும்போதுதான் தெரிந்தது. காலி வண்டி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, முட்டப் போகிற ஆட்டுக்கிடா மாதிரி மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு போனது. சின்னக் குழியில் விழுந்தால்கூட இடி நேரே இடுப்பில் இறங்கியது. குடியாத்தம் தாண்டுவதற்குள் எலும்பெல்லாம் எண்ணிப் பார்க்கிற அளவுக்கு ஆகிவிட்டது. பன்னிரண்டு பேருக்குக் கட்டிய பட்டை ஒருத்தருக்காக வளைந்து கொடுக்குமா? "பரவால்ல, ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஏறினா அமுங்கிடும்" என்று வண்டிக்கே சொல்லிவிட்டு ஓட்டினார்.

அடுத்த வாரம் முழுக்க ஒரே வேலை. சீட் உறைகளைக் கழற்றித் துவைத்தார். ஒட்டடை அடித்தார். கடைசி வரிசையில் ஃபரீதா பிடித்துக்கொள்ளும் கயிறு நைந்திருந்தது, அதைப் புதிதாகக் கட்டினார். அவள் கல்யாண வீட்டுக்காரி, அன்றைக்கு இதில் ஏறப் போவதில்லை என்பது கட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. அவள் இடத்துக்கு அதே கம்பெனியில் தைக்கிற அவள் நாத்தனார் வருகிறாள் என்று சோபனா சொல்லியிருந்தாள். சரி, அந்தம்மா பிடித்துக்கொள்ளட்டும். வண்டி ஒன்றரை இஞ்சு ஏறியிருக்கிறதே, சோபனாவுக்கு முட்டி வலி ஆயிற்றே என்று யோசித்து, நீல நிறத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கி முன்சீட்டுக்குக் கீழே வைத்தார். ஆசை யாரை விட்டது?

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. எட்டே முக்காலுக்கே தண்ணி டேங்குக்குப் போய்விட்டார். இரண்டு குட்டி ஆரன். குழாயடியில் குடம் வைத்திருந்த ஒரு பாட்டி திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். பட்டுப்புடவை கட்ட நேரம் ஆகுமே என்று காத்திருந்தார். ஒருவேளை ரேஷன் கடையில் ஒன்றாக நிற்கிறார்களோ என்று அங்கே போனார். இரண்டு ஆரன். கடை பூட்டியிருந்தது. பாலத்து மேட்டுக்குப் போனார். அங்கே மூன்று நாய்கள் படுத்திருந்தன. ஆரன் சத்தம் கேட்டு ஒன்று மட்டும் காதைத் தூக்கியது. மறுபடி டேங்க், மறுபடி ரேஷன் கடை. ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது. கல்யாணத்துக்கென்று போட்டிருந்த வெள்ளைச் சட்டையும் அவரும் வேர்த்து ஊறிப்போனார்கள்.

போன் செய்தால் நாலாவது தடவை சோபனா எடுத்தாள். பின்னால் தையல் மிஷின்களின் இரைச்சல்.

"ஐயோ பஞ்சண்ணா!" என்றாள். "நேத்து சாயந்திரம் திடீர்னு ஷிப்மென்ட்டுன்னு ஓ.டி. போட்டுட்டாங்கண்ணா. பாதி நாளு. பன்னெண்டு மணிக்கு விட்டுட்டு, கம்பெனி பஸ்ஸையே நேரா மண்டபத்துக்கு வுட்றோம்னாங்க. சோறு துணி எல்லாம் எடுத்துக்கிட்டு ஓடியாந்தோம். இவ சொல்லியிருப்பான்னு நான், நான் சொல்லியிருப்பேன்னு அவ. உங்களுக்குச் சொல்லணும்ன்றதே மறந்து போச்சுண்ணா."

"பரவால்லம்மா" என்றார் பஞ்சாட்சரம். "நான் சும்மா இந்தப் பக்கமா வந்தேன்."

"நீங்க மண்டபத்துக்கு வந்துடுங்க, வராம இருந்துடாதீங்க!"

மறந்து போச்சு என்ற வார்த்தைதான் அவரைக் குத்தியது. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் கோபமாவது வந்திருக்கும். மறந்துபோனவர்கள் மேல் எப்படிக் கோபப்படுவது? பாலத்து மேட்டில் வண்டியைத் திருப்பி, வேலூருக்கு விட்டார். காலி வண்டி வழி முழுக்க அவரைத் தூக்கித் தூக்கிப் போட்டது. இரண்டு தடவை தலை கூரையில் இடித்தது. நன்றாக இடி என்று விட்டுவிட்டார்.

மண்டபத்தில் ஆண்கள் பக்கம் அவரை உட்காரவைத்து ஃபரீதாவின் புருஷன் அப்துல் கரீம் நன்றாகவே கவனித்தார். பிரியாணி, கத்திரிக்காய், பிரெட் அல்வா. எதிலும் குறையில்லை. ஒன்றேகாலுக்குக் கம்பெனி பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. பெண்கள் திரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். ஆனால் சிரிப்பு திரைக்குக் கட்டுப்படுமா? இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு பஞ்சாட்சரம் ஒவ்வொரு சிரிப்பாக அடையாளம் கண்டார். இது சோபனா. இது ரேஷன் கடையில் ஏறுகிற பெண். அதோ, நிறுத்தத் தெரியாத சிரிப்பு, ஃபரீதா. பதினோரு வருஷமும் முதுகுக்குப் பின்னால் கேட்டுப் பழகிய காது அல்லவா, முகம் பார்க்கத் தேவைப்படவில்லை. இலையில் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

சாப்பிட்டு முடித்து எல்லோரும் வெளியே வந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். இளைச்சிட்டீங்களே என்றார்கள், பல்லு எங்கே போச்சு என்றார்கள். சோபனா வண்டியைச் சுற்றி வந்தாள்.

"இன்னாண்ணா வண்டி இவ்ளோ ஒசரமாயிடுச்சி? பின்னாடியத் தூக்கிக்கிட்டு நிக்குது! இதுல ஏறணும்னா ஏணி வேணுமே!"

சிரித்துக்கொண்டே முன்கதவைத் திறந்தாள். சீட்டுக்குக் கீழே நீல ஸ்டூல் இருந்தது. விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. சோபனா அதைப் பார்த்தாள். துவைத்த உறைகளைப் பார்த்தாள், கடைசி வரிசையில் புதுக்கயிற்றைப் பார்த்தாள்.

"எங்களுக்காகவா பஞ்சண்ணா?" என்றாள் மெதுவாக. பிறகு சட்டென்று கையைத் தட்டினாள். "ஏய், எல்லாரும் வாங்கடி! போறப்போ அண்ணன் வண்டியில போறோம். பஸ்ஸு போவட்டும்!"

பஞ்சாட்சரம் அவசரமாகக் குனிந்தார். ஸ்டூலை வெளியே எடுத்துத் தரையில் வைத்துவிட்டார். சோபனா அதன்மேல் ஒரு காலை வைத்தும்விட்டாள்.

அதற்குள் பஸ்ஸிலிருந்து சூப்பர்வைசர் பெண் காகிதத்தோடு இறங்கி வந்தாள். பஸ்ஸில் ஏறியவர்கள் பஸ்ஸிலேயே ஊரில் இறங்கிக் கையெழுத்துப் போட வேண்டும், ஒரு தலை குறைந்தாலும் தன் வேலை போய்விடும் என்றாள். சோபனா சண்டை போட்டாள். அவள் சண்டை போட்டால் ஊரே அதிரும். ஆனால் அந்தப் பெண் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள், அவளுக்கும் வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது.

"போங்கம்மா" என்றார் பஞ்சாட்சரம். "அந்தப் பொண்ணப் பேஜார் பண்ணாதீங்க. ரூல்ஸுன்னா ரூல்ஸுதான்."

சோபனா ஸ்டூலிலிருந்து காலை எடுத்தாள். "கண்டிப்பா ஒரு ஞாயித்துக்கிழமை வர்றோம்ணா" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன்னாலும் உண்மையாகத்தான் சொன்னாள். பஸ் கிளம்பியது, ஜன்னலுக்கு ஜன்னல் கை ஆடியது. பஞ்சாட்சரம் குனிந்து ஸ்டூலை எடுத்து, அதன்மேல் இருந்த செருப்பு மண்ணைத் தட்டாமல் அப்படியே உள்ளே வைத்தார்.

செவ்வாய்க்கிழமை மறுபடி கொணவட்டம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கியவரை ஆபித் பாஷா மேலும் கீழும் பார்த்தார்.

"ரொம்ப அடிக்குது பாய். ஒக்கார முடியல."

"பன்னெண்டு பேரு போனா அடிக்காதே."

பஞ்சாட்சரம் பின்சக்கரத்துக்கு மேலே இருந்த 12ஐப் பார்த்தார்.

"வக்கீல்கிட்டயும் வைத்தியன்கிட்டயும் பொய் சொல்லக் கூடாதுன்னுவாங்க" என்றார் ஆபித் பாஷா, பாக்கைத் துப்பிவிட்டு. "பட்டைக்காரன்கிட்டயும் சொல்லக் கூடாது. நான் அன்னைக்கே பாத்தேன், பின்சீட்டுல ஒட்டடை. கேட்டா நீங்க இன்னும் ஒரு பொய் சொல்லுவீங்க, அதான் கேக்கல. இப்ப சொல்லுங்க. தினமும் எத்தினி பேரு?"

பக்கத்து ஷெட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சாட்சரம் ஏதோ சொன்னார்.

"காதுல விழல பெரியவரே, சத்தமா சொல்லுங்க."

"ஒரு ஆளு பாய்!" என்று கத்தினார். அந்த நேரம் பார்த்துக் கிரைண்டர் நின்றது. "நான் மட்டும்தான்!"

ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். போன தடவை அவர் வண்டியில் ஏறிக் கூச்சல் போட்டவர்கள்தான். யாரும் சிரிக்கவில்லை. ஆபித் பாஷா ஈரத்துணியால் 12ஐத் துடைத்துவிட்டு, அதே இடத்தில் 1 என்று எழுதினார். ஜாக்கியை இழுத்துக்கொண்டு வந்து வண்டிக்கு அடியில் படுத்தார்.

புதிதாகச் சேர்த்த பட்டைகள் இரண்டையும் கழற்றினார், ஒரு பக்கத்துக்கு ஒன்று. முன்பக்கத்து முறுக்குக் கம்பியையும் அதற்குத் தக்கபடி தளர்த்தினார். வேலை முடிந்ததும் முஸம்மில் பழக்கதோஷத்தில் பின்கதவைத் திறந்து ஏறப் போனார்.

"நீ எறங்கு" என்றார் ஆபித் பாஷா. "அவரு மட்டும்."

பஞ்சாட்சரம் ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். கண்ணாடியில் மூன்று வரிசைச் சீட்டும் துவைத்த உறையோடு தெரிந்தது. நான்கு சக்கரத்துக்கும் டேப் வைத்துப் பார்த்துவிட்டு ஆபித் பாஷா எழுந்தார்.

"மட்டமா நிக்குது. இனிமே அடிக்காது."

கழற்றிய இரண்டு பட்டைகளையும் பின்னால் கடைசி வரிசைக்குக் கீழே போட்டுவிட்டு, ஒரு பழைய கோணிப்பையையும் கொடுத்தார். "புதுப் பட்டை, வெச்சிக்குங்க. எப்பனா ஆளுங்க சேர்ந்தா வாங்க, மாட்டித் தர்றேன், அரை நாள் வேலை. இந்தக் கோணியை ரெண்டுக்கும் நடுவுல சொருகிக்குங்க. இல்லன்னா வழி பூரா கலகலன்னு உயிரை வாங்கிடும்."

பஞ்சாட்சரம் கோணியை வாங்கி நான்காக மடித்து ஸ்டூலின்மேல் வைத்தார். பட்டைகளுக்கு நடுவில் சொருகவில்லை.

வண்டி பஞ்சு மாதிரி ஓடியது. ஒரு குழியும் இடுப்பில் இறங்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அந்த இரண்டு பட்டைகளும் ஒன்றோடொன்று மோதிக் கலகலவென்று இரைந்தன. குடியாத்தம் தாண்டி ரோடு மோசமானதும் இரைச்சல் தாங்க முடியவில்லை, காது கிழிந்தது.

"சத்தம் போடாதீங்கம்மா, எஞ்சின் சத்தமே கேக்கல" என்றார் பஞ்சாட்சரம், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

கேட்டு இன்னா பண்ணப் போறீங்க என்று பின்னாலிருந்து யாரும் கேட்கவில்லை.